காசும் கேஷும்

மதுரைக் கடைத்தெருவில் வழங்கும் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் ‘காசு’ என்பதன் திரிபே என்பாருளர். யாம் அதற்கு உடன்படோம். ஆங்கிலத்தில் கேஷ் என்பன இரு வேறு சொற்கள். கைப்பணத்தைக் குறிப்பது, பேழை எனப் பொருள்படும் இலத்தீன் ‘காப்சா’வின் வழிவந்தது, முதற்கண் பணப்பெட்டியைச் சுட்டிப் பின்னர் அதனுள் இருக்கும் பணத்திற்கு ஆகிவந்தது. நம் இலக்கணிகள் இதனை இடவாகுபெயர் என்பர்.

மற்றையதே நம் காசு. மதுரை நாயக்கர் வெளியிட்ட செப்புக்காசு போன்ற சிறு நாணயங்களைப் போர்ச்சுகீசியர் ‘கய்ஷா’ என்றனர். அவர்தம் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயராதலின் மயக்கம் எளிதிற் பிறந்தது. சென்னைக் கும்பினியார் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் நிலைபெறவே இக்கணக்கு வீழ்ந்தது. எனினும், சீனரின் துளைக்காசுக்கு ஆங்கில நூலார் இன்றும் இத்தமிழ்ப் பெயரையே வழங்குகின்றனர்.