பர்னார்டு வளையம்

திருவாதிரை விண்மீன் உள்ள ஓரியன் விண்மீன் குழுவின் கிழக்குப் பக்கத்தை வில்லாக வளைத்துக் கிடக்கும் உமிழ்வு நெபுலா. பட்டியல் எண் ஷார்ப்லெஸ் 2-276. வானில் ஏறக்குறைய 10 பாகை, அதாவது முழு நிலவைப் போல் 20 மடங்கு அகலம் விரிந்திருந்தும், ஒளி மிகப் பரந்து மங்கியிருப்பதால் வெறுங்கண்ணுக்குப் பொதுவாகத் தெரியாது. லிக் வானாய்வகத்தின் எட்வர்டு எமர்சன் பர்னார்டு 1894-இல் இதைப் படமெடுத்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது பெரிய தொலைநோக்கியை அல்ல, சிறிய படவிளக்கு லென்ஸை.

இன்றும் அகலக் கோண லென்ஸே இதற்கு ஏற்றது; 35 முதல் 50 மி.மீ. குவியத்தூரம் போதும். சிக்கல் நிறத்தில்தான். அயனியான ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் உமிழும் ஆழ்ந்த சிவப்பின் பெரும்பகுதியைச் சாதாரண கேமராவின் உணரிக்கு முன்னுள்ள வடிகட்டி தடுத்துவிடுகிறது. அதை மாற்றியமைத்த கேமராவில் வளையம் தெளிவாகப் பதியும். நகர வெளிச்சம் இருந்தால், ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டியைச் சேர்ப்பது பெரிதும் உதவும்.

பூமியின் சுழற்சியை ஈடுசெய்யும் தாங்கியில் கேமராவைப் பொருத்தி, சில நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். இரைச்சல் குறைந்து வளையம் மேலெழும். பின்னணியைச் சமன்செய்யும்போது கவனம் மிக அவசியம்: மென்பொருள் நெபுலாவையே ஒளிமாசு என்று கருதி அழித்துவிடக்கூடும். நிலவற்ற டிசம்பர், ஜனவரி இரவுகள் இதற்கு உகந்தவை.