சேற்றில் இட்ட அடிமரம்

1858ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் அமெரிக்க மேலவையில் தென் கரோலினா உறுப்பினர் ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட் ஆற்றிய உரை இரண்டு உருவகங்களால் நிலைபெற்றது. பருத்தியே அரசன் என்பது ஒன்று. மற்றொன்று, கட்டடத்தைத் தாங்கிச் சேற்றோடு சேறாகக் கிடக்கும் அடிமரம். எச்சமுதாயத்துக்கும் இழிதொழில் செய்ய அத்தகைய அடித்தட்டு வேண்டும். தெற்கில் கறுப்பின அடிமைகளே அது. வடக்கின் கூலியாள்களும் பெயரளவில்தான் அடிமைகள் அல்லர் என்பது அவர் வாதம். உருவகம் நியாயத்தின் இடத்தில் அமர்ந்துகொள்வதைக் கவிஞர்கள் இங்கே காணலாம்.

ஹாமண்ட் பிறவிச் செல்வர் அல்லர். 1807இல் ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, வழக்கறிஞராகவும் இதழாசிரியராகவும் இருந்தவர். 1831இல் கேதரின் ஃபிட்ஸ்சைமன்ஸை மணந்ததும், சவன்னா ஆற்றங்கரையில் சில்வர் பிளஃப் பண்ணையும் 147 அடிமைகளும் அவர் கைக்கு வந்தன. அடுத்த பத்தாண்டுகளில் அப்பண்ணையில் 78 அடிமைகள் மாண்டனர்.

1842 முதல் 1844 வரை ஆளுநராக இருந்தார். மனைவியின் உடன்பிறந்தாள் மகளிர் நால்வரிடம் முறைகேடாக நடந்ததைத் தம் நாட்குறிப்பிலேயே எழுதிவைத்தார். அப்பழி அவரைப் பதின்மூன்று ஆண்டுகள் பதவியிலிருந்து விலக்கியது. பின்னர் மேலவை அவரை வரவேற்றது. அப்பெண்கள் நால்வருக்கும் மணம் கூடவேயில்லை. விலைக்கு வாங்கிய சாலியையும், அவள் மகள் லூயிசாவையும் தம் இச்சைக்கு உட்படுத்தினார். அவர்களை விடுவிக்காமல் குடும்பத்திலேயே அடிமைகளாக வைத்திருக்கும்படி 1856இல் மகனுக்கு மடல் எழுதினார். அன்பென்று அவர் கருதியது அதுதான் போலும்! அவ்விரு பெண்களின் வாழ்வை உடைமையாளரின் கையெழுத்து வழியாகவே நாம் படிக்க நேர்கிறது.

அடிமர வாதத்துக்கு லிங்கன் 1859இல் மில்வாக்கியில் மறுமொழி தந்தார்: இன்றைய கூலியாள் நாளை தமக்கென உழைப்பவராகலாம் என்றார். பருத்தி அரசனும் நெடுநாள் ஆளவில்லை. பருத்தி இன்றேல் இங்கிலாந்து கவிழும் என்றிருந்தார் ஹாமண்ட்; 1861இல் போர் மூண்டதும் அந்நாட்டு ஆலைகள் எகிப்தையும் இந்தியாவையும் நாடின. நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் விலை ஏறிய காலம் அது.

போரின்போது, தெற்கத்திய அரசின் அதிகாரி ஒருவர் படைக்கு மக்காச்சோளம் கேட்டு ஆணையுடன் வந்தார். ஹாமண்ட் அதைக் கிழித்துச் சாளரத்தின் வழியே எறிந்தார். அதற்கு இணங்குவது தம் நெற்றியில் அடிமை என்று சூடு போட்டுக்கொள்வதாகும் என்றார். அப்படிச் சொன்னவரின் உடைமையில் 300க்கு மேற்பட்ட மனிதர் இருந்தனர். 1864 நவம்பர் 13இல், போர் முடியுமுன்னரே அவர் இறந்தார்.