உப்பு - சர்க்கரைக் கரைசல்: இல்லத்து அளவைகளும் மருத்துவ வரலாறும்

முன்னுரை

இந்திய மருத்துவ வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவும் மருத்துவ நிறுவனங்களின் வரலாறாகவும் எழுதப்பெற்று வந்துள்ளது. தலைவலி, சளி, செரியாமை, வயிற்றுப்போக்கு போன்ற சிறு பிணிகளை இல்லத்தார் நாள்தோறும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. இச்சிறு பிணிகளுள் வயிற்றுப்போக்கு தனித்து நோக்கத்தக்கது. பெரியவர்க்கு ஓரிரு நாள் உபாதையாக வந்து நீங்கும் கழிச்சல், கைக்குழந்தைக்கு ஓரிரவில் உயிரைப் போக்கும் நோயாகவும் மாறக்கூடும். எங்கே சிறு பிணி முடிந்து பெரும் பிணி தொடங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டியவர் மருத்துவர் அல்லர். குழந்தையை மடியில் வைத்திருப்பவரே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோய்க்குக் கண்டறியப்பட்ட மருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். இவை மூன்றும் எளிய இல்லங்களிலும் கிடைப்பவை. அவ்வாறிருந்தும் அம்மருந்து ஏற்பைப் பெறுவதற்கும் பரவுவதற்கும் நீண்ட காலம் ஆயிற்று. இத்தாமதத்திற்கு அறிவியல் குறைபாடு ஓரளவே காரணம். மருத்துவத்தை இல்லத்தாரிடம் ஒப்படைப்பதில் மருத்துவ உலகிற்கு இருந்த தயக்கமே மற்றொரு முதன்மைக் காரணம் என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

பேதி: நோயும் மருந்தும்

தமிழ் வழக்கில் ‘பேதி’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. ‘வாந்திபேதி’ என்னும்போது அது நோயைக் குறிக்கிறது. ‘பேதிக்குக் கொடுத்தல்’ என்னும்போது மருந்தைக் குறிக்கிறது. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி, நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி மருந்து உண்பதை நலவாழ்வு நெறிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்யும் வழக்கமும் தமிழ் இல்லங்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. கழிவது நல்லது என்னும் எண்ணம் இவ்வழக்கத்தில் பொதிந்துள்ளது.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்னும் மொழியும் இதனோடு ஒட்டி நின்றது. வயிறு கெட்டால் அதனைக் காயப்போட வேண்டும் என்பது பலரும் கைக்கொண்ட நெறி. செரியாமைக்கு இது பொருந்தலாம். நீரையும் உப்பையும் விரைந்து இழக்கும் குழந்தைக்கோ இது கேடாக முடிந்தது. குடித்தால் மேலும் போகும் என்று அஞ்சி நீரை மறுத்த இல்லங்கள் இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலும் இருந்தன. ஆகவே இல்லத்து வழக்கம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.

எனினும் அதே இல்லங்களில் இதற்கு மாறான வழக்கமும் வேரூன்றியிருந்தது. தென்னாட்டில் உப்பிட்ட வடிகஞ்சி, நீர்மோர், இளநீர் ஆகியனவும், வங்கத்தில் அவல் ஊறிய நீரும் வாழைக்காய்க் குழம்பும் வயிற்றுப்போக்குற்றோர்க்கு வழங்கப்பட்டன. மண்டம், பேயா, விலேபி, யவாகூ எனக் கஞ்சியை வகைப்படுத்தி, நோயாளியின் நிலைக்கேற்ப உரைக்கும் மரபு ஆயுர்வேதத்திற்கு உண்டு. பட்டினி இடுதலும் கஞ்சி வார்த்தலும் ஒரே வீட்டில் அருகருகே நின்றன. இவற்றுள் எது உயிர் காக்கும் என்பதைப் பிரித்துக் காட்ட அளவையும் சான்றும் தேவைப்பட்டன.

கல்கத்தாவின் பங்கு

வாந்திபேதியில் உடல் இழப்பது நீரும் உப்புமே என்பது 1831ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. இங்கிலாந்தில் நோயுற்றோரின் குருதியை ஆராய்ந்து அதனைக் கண்டவர் வில்லியம் புரூக் ஓஷானஸி. மறு ஆண்டே தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் ஸ்காட்லாந்தில் உப்புநீரை நாளத்தின் வழியே செலுத்திச் சில நோயாளிகளைப் பிழைக்கச் செய்தார். ஓஷானஸி பின்னர் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். இழந்ததை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு முன்பே தோன்றியிருப்பினும், ஈடுசெய்யும் வழி ஊசியாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஊசி வழிக்குத் தூய்மையாக்கப்பட்ட நீரும் கருவிகளும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். அவை இருந்த இடம் மருத்துவமனை ஒன்றே.

வாய்வழி ஈடுசெய்தலை 1953இல் கல்கத்தாவில் செய்து காட்டியவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி. ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோசும் கலந்த கரைசலை 186 வாந்திபேதி நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து, அதன் பயனை இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழில் வெளியிட்டார். வாந்தியை அடக்க மருந்தும், கழிச்சலைக் குறைக்கக் கற்பூரவல்லி இலைச்சாறும் அவர் கையாண்டார். இல்லத்து முற்றத்துச் செடியும் ஆய்வுக்கூட வேதிப்பொருளும் ஒரே சிகிச்சையில் இணைந்தமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் ஒப்பீட்டுக் குழு இன்மையாலும், உடல் இழந்த நீரும் ஏற்ற நீரும் துல்லியமாக அளக்கப்படாமையாலும் அவ்வாய்வு உரிய கவனத்தைப் பெறவில்லை.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இக்குறை நீங்கியது. வாந்திபேதிக் கிருமி வெளியிடும் நச்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் நிறுவினார். குடலில் சோடியமும் குளுக்கோசும் இணைந்தே உட்புகுகின்றன என்னும் விளக்கத்தை இராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். சர்க்கரை உடன் சேரும்போது உப்பு உட்செல்லும். அதனைத் தொடர்ந்து நீரும் செல்லும். நோயின்போதும் இவ்வழி அடைபடுவதில்லை. டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் ஆகியோர் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதனை நோயாளிகளிடம் அளந்து உறுதிசெய்தது. ஆனால் இவையாவும் மருத்துவர் கண்காணிப்பில் நடைபெற்றவை. இக்கரைசலை மருத்துவர் அல்லாதார் கையில் கொடுக்கலாமா என்னும் வினா அப்போதும் எஞ்சி நின்றது.

பனகான் முகாம், 1971

அவ்வினாவுக்கு விடை அளித்தது ஒரு பேரிடர். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது பெருந்திரளான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்கத்தில் புகலடைந்தனர். முகாம்களில் வாந்திபேதி பரவியது. எல்லையை ஒட்டிய பனகான் மருத்துவமனைக்குக் கல்கத்தா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த திலீப் மகலனபிஸ் தம் குழுவினருடன் சென்றார். நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். நாளவழிச் செலுத்தும் நீர் விரைந்து தீர்ந்துகொண்டிருந்தது. அதனைச் செலுத்தும் பயிற்சி பெற்றோரும் மிகச் சிலரே.

இந்நிலையில் மகலனபிஸ் கரைசலை உற்றார் கையில் ஒப்படைத்தார். குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்பது ஒரு லிட்டருக்குரிய அளவு. கல்கத்தாவில் இவை எடையிடப்பட்டுப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டன. முகாமில் பெரும் கலங்களில் கரைக்கப்பட்ட நீரைத் தாயரும் உடன்பிறந்தாரும் குவளைகளில் முகந்து நோயாளிகளுக்குப் புகட்டினர். மிகவும் நலிந்தோர்க்கு மட்டும் ஊசி வழி ஒதுக்கப்பட்டது. முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குச் சிகிச்சை அளித்த அவர் பிரிவில் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 

இம்முடிவுகள் 1973இல் அச்சேறின. முகாமை நேரில் கண்ட உலக நலவாழ்வு நிறுவன அலுவலர் திமான் பருவா, இம்முறையை உலகளவில் கொண்டுசெல்லப் பாடுபட்டார். 1978இல் லான்செட் இதழின் தலையங்கம் இக்கண்டுபிடிப்பை அந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என்று மதிப்பிட்டது. மகலனபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பெயரும் அளவையும்

பனகானில் இக்கரைசலுக்கு இடப்பட்ட பெயர் மொழியாய்வாளர் கருதத்தக்கது. குடிக்கும் நீரை மருந்தென மக்கள் ஏற்பரோ என்னும் ஐயம் குழுவினர்க்கு இருந்தது. ஊசி வழிச் செலுத்தும் நீரை மக்கள் ‘சலைன்’ என அறிந்திருந்தனர். ஆகவே இதனை ‘வாய்வழிச் சலைன்’ என்று அழைத்தனர். மருத்துவமனையின் மதிப்பைத் தாங்கிய ஒரு சொல், குவளை நீருக்கு மருந்தின் தகுதியை அளித்தது. இன்றும் வங்கதேசத்தில் இது ‘உண்ணும் சலைன்’ என்னும் பொருளுடைய பெயரால் வழங்குகிறது. இந்தியில் ‘ஜீவன் ரக்ஷக் கோல்’ என உயிர்காப்பை முன்னிறுத்தியது. தமிழில் ‘உப்பு - சர்க்கரைக் கரைசல்’ எனப் பொருளையே பெயராக்கினர். இப்பெயரைக் கேட்டவர் செய்முறையையும் பாதி அறிந்துகொள்கிறார்.

மீதிப் பாதி அளவை. உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. சர்க்கரை மிகுந்தால் கழிச்சல் கூடும். எடைத்தராசு இல்லாத வீட்டில் இவ்வளவை எவ்வாறு காப்பது என்பதற்கு வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் சிறந்த விடை கண்டது. மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் என்பது அதன் வாய்பாடு. 1980 முதல் பத்தாண்டுகளில் அந்நிறுவனப் பணிப்பெண்கள் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று தாயரின் கையாலேயே கரைசலைச் செய்யவைத்துக் கற்பித்தனர். தாயர் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருந்தனர் என்பதைப் பொறுத்தே பணிப்பெண்களின் ஊதியம் அமைந்தது. சிட்டிகையும் பிடியும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு மருந்தளவைகளாயின. இந்தியாவில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்றும், கரைசல் கண்ணீரினும் கரிக்கலாகாது என்றும் கற்பிக்கப்பட்டது. நாக்கே இங்கு அளவுகோலாயிற்று.

கஞ்சியின் மறுவரவு

இல்லத்துக் கஞ்சி 1980களில் ஆய்வுக்குள் மீண்டது. குளுக்கோசுக்கு மாற்றாக அரிசி மாவைக் கொண்ட கரைசல் டாக்காவிலும் கல்கத்தாவிலும் சோதிக்கப்பட்டு வாந்திபேதியில் கழிச்சலின் அளவைக் குறைப்பதாக அறியப்பட்டது. அரிசியின் மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோசாக மாறுவதால் நீரை வெளியே இழுக்கும் விசை குறைகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000இல் மற்றொரு படி சென்றனர். சிறுகுடலில் செரியாத மாவுச்சத்தைக் கரைசலுடன் சேர்த்தால் அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைந்து, நீர் ஏற்பைக் கூட்டுகிறது என்று காட்டினர். வாழைக்காய் குழந்தைகளின் நீடித்த கழிச்சலைக் குறைப்பதை டாக்கா ஆய்வு 2001இல் நிறுவியது. வங்கத்து வாழைக்காய்க் குழம்பும் தென்னாட்டு வடிகஞ்சியும் வெறும் நம்பிக்கையில் நின்றவை அல்ல என்பதற்கு இவை சான்று. 2002இல் உலக நலவாழ்வு நிறுவனம் கரைசலின் உப்பையும் குளுக்கோசையும் குறைத்தது. 2004இல் துத்தநாகத்தையும் உடன் கொடுக்கப் பரிந்துரைத்தது.

தொடரும் ஐயம்

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுள் இக்கரைசலைப் பெற்றோர் 2015-16இல் 50.6 விழுக்காட்டினர், 2019-21இல் 60.6 விழுக்காட்டினர். ஐவரில் இருவர்க்கு இன்னும் கிட்டவில்லை. இதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் கூறுவது வழக்கம். கர்நாடகத்திலும் பீகாரிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்போரிடையே நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இக்கரைசலே உரிய மருந்து என்பதை மருத்துவம் பார்ப்போர் அறிந்திருந்தனர். மக்கள் இதனை விரும்பமாட்டார்கள் என்று கருதியே எழுதித் தராமல் விட்டனர். குழந்தையைக் கொண்டுவந்தவர் கரைசலை விரும்புவதாகக் கூறியபோது அதனைப் பரிந்துரைப்பது கணிசமாக உயர்ந்தது. பனகானில் மகலனபிஸ் வென்ற அதே ஐயம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உருமாறி நிற்கிறது.

பெயரும் புதிய இடரைச் சந்தித்தது. கரைசலின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமான ஓ.ஆர்.எஸ். என்பதைத் தாங்கி, சர்க்கரை மிகுந்த பானங்கள் கடைகளில் விற்கப்பட்டன. உரிய கலவை இல்லாத பானங்களில் அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. 1971இல் நம்பிக்கையை ஊட்டத் தேடிய பெயர், பின்னாளில் அந்நம்பிக்கையையே விலையாக்கப் பயன்பட்டமை கருதற்குரியது.

முடிவுரை

உப்பு - சர்க்கரைக் கரைசலின் வரலாற்றில் இல்லமும் ஆய்வுக்கூடமும் ஒன்றையொன்று திருத்தியுள்ளன. நீரை மறுக்கும் வழக்கம் தவறு என்பதை ஆய்வுக்கூடம் இல்லத்திற்கு உணர்த்தியது. ஊசியின்றியும் உயிர் காக்கலாம் என்பதை இல்லத்தாரின் கைகள் மருத்துவமனைக்குக் காட்டின. சிட்டிகை, பிடி, குவளை, கஞ்சி முதலிய சொற்கள் தமிழ் அகராதிகளில் பொருளும் அளவும் பெற்றுள்ளன. அவை மருத்துவச் சொற்களாகவும் இயங்கிய வரலாறு இன்னும் தொகுக்கப்படவில்லை. நோயுற்ற குழந்தைக்கு எதனை, எவ்வளவு, எத்தனை முறை கொடுத்தனர் என்னும் செய்திகள் பெரும்பாலும் முதிய பெண்டிரின் நினைவிலேயே உள்ளன. வட்டாரந்தோறும் அவற்றைத் திரட்டி, பயன் தருவன இவை, தீங்கு பயப்பன இவை எனப் பகுத்தறிவது தமிழாய்வும் மருத்துவ ஆய்வும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.