கயிற்றுக்கு இந்தப் பக்கம்

விமானப் படையில் நான் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். விமானத்தின் உடலும் இறக்கையும் என் பொறுப்பு. எஞ்சின் வேறு ஆளுடையது. சர்வீஸில் பாதிக்கு மேல் ஹண்டர் விமானங்களோடுதான் கழிந்தது. 1980-களில் ஒருநாள், வட இந்தியத் தளம் ஒன்றில் பொதுமக்களை உள்ளே விட்டு விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை கயிறு காப்பது. ஓடுபாதைக்கு இணையாக மூங்கில் ஊன்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது. அவ்வளவுதான் உத்தரவு.

தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். ஒரு கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தபடி இந்தியில் கேட்டார்: "அது ஆகாயத்துல போகுது. நான் தரையில பத்தடி முன்னால வந்தா யாருக்கு என்ன நஷ்டம், மகனே?" உத்தரவு, ஐயா என்று மட்டும் சொன்னேன். ஹண்டரின் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். கயிறு ஏன் அந்த இடத்தில் கட்டப்பட்டது என்பது தெரியாது. கேள்வி மனதில் தங்கிவிட்டது. ஓய்வு பெற்றுப் பல்லாவரத்தில் குடியேறிய பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

தேடல் என்னை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் கொண்டுபோய் நிறுத்தியது. 1952 செப்டம்பர் 6, சனிக்கிழமை, அங்கே விமானக் காட்சி. ஒலியை மிஞ்சிப் பறப்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். விமானம் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும். சற்று நேரத்தில் இடி விழுந்தாற்போல் ஓசை தரையை எட்டும். அதைக் கேட்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். டி ஹாவிலண்ட் கம்பெனியின் டிஎச் 110 விமானத்தை ஜான் டெர்ரி ஓட்டினார். கூட இருந்தவர் டோனி ரிச்சர்ட்ஸ். அன்று பறக்க வேண்டிய விமானத்தில் கோளாறு. ஹாட்ஃபீல்டுக்குப் போய் இன்னொன்றை எடுத்துவந்து பறந்தார்கள். தரைப் பணியாளனான எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். நேரத்துக்குள் விமானத்தைத் தயார் செய் என்ற அவசரம் எப்படி இருக்கும் என்று நான் அறிவேன்.

ஓசையை எழுப்பிக் காட்டிவிட்டு, டெர்ரி தாழ வந்தார். சுமார் 450 நாட் வேகத்தில் கூட்டத்தின் பக்கம் திரும்பும்போது இறக்கை பிய்ந்தது. விமானம் காற்றிலேயே சிதறியது. எஞ்சின் ஒன்று, நன்றாகத் தெரியுமே என்று மேட்டில் ஏறி நின்றவர்களின் நடுவே வந்து விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் 29 பேர் இறந்தார்கள்.

உடையும் விமானம் நின்ற இடத்தில் தொப்பென்று விழும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கவண் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது எந்தக் கணத்தில் வார் கைநழுவுகிறதோ, அந்தக் கணத்தில் கல் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையிலேயே பறக்கும். 450 நாட் என்றால் விநாடிக்குச் சுமார் 230 மீட்டர். அந்த விபத்துக்குப் பிறகு பிரிட்டனில் விதி இறுகியது. நேராகப் பறக்கும் ஜெட் கூட்டத்திலிருந்து குறைந்தது 230 மீட்டர் தள்ளியும், சாகசம் செய்வது 450 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும் என்றானது. 150 மீட்டருக்குக் கீழே இறங்கவும் தடை வந்தது. நான் இந்த எண்களை விநாடியாகத்தான் வாசிக்கிறேன். டெர்ரியின் வேகத்தில் முதல் தூரம் ஒரு விநாடி, இரண்டாவது ஏறக்குறைய இரண்டு விநாடி. பெரியவர் கேட்ட பத்தடி அதிலிருந்துதான் போகிறது.

அன்றைக்கே ஓடுபாதையைச் சுத்தம் செய்ததும் நெவில் டியூக் என்ற விமானி ஹண்டரை எடுத்துக்கொண்டு ஏறி, அதே ஓசையை எழுப்பிக் காட்டினார். அவர் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் கையால் துடைத்து வளர்த்த விமானம் அது. ஆனாலும் சடலங்கள் கிடந்த மைதானத்தின் மேல் அதைப் பறக்கவிட்டதை என் மனம் ஒப்பவில்லை.

தூரம் எழுதியாகிவிட்டது, திசை? அதற்கு இன்னொரு விபத்து வேண்டியிருந்தது. 1988 ஆகஸ்ட் 28, மேற்கு ஜெர்மனியில் அமெரிக்க விமானப் படையின் ராம்ஸ்டைன் தளம். சுமார் மூன்று லட்சம் பேர். இத்தாலியின் பத்து விமானக் குழு வானத்தில் புகையால் இதயம் வரையும். ஒற்றை விமானம் அம்பாக அதைத் துளைத்துக்கொண்டு கூட்டத்தை நோக்கி வரும். ஒற்றை விமானம் தாழ்ந்தும் முந்தியும் வந்து மற்றவற்றோடு மோதியது. எரியும் எரிபொருளோடு மக்கள் நடுவே புரண்டது. மொத்தம் 70 பேர் இறந்தார்கள். இன்று பல நாடுகளின் விதியில், பாயும் விமானத்தின் மூக்கு கூட்டத்தைப் பார்த்திருக்கக்கூடாது என்பது அடிப்படை. அமெரிக்காவில் வேகமான ஜெட்டுகளுக்கு 1500 அடி ஒதுக்கம்.

ராம்ஸ்டைனில் நான் திரும்பத் திரும்பப் படித்தது மோதலை அல்ல, அதற்குப் பிறகு நடந்ததை. அமெரிக்கர்களின் சலைன் ஊசிக்கும் ஜெர்மானியர்களின் குழாய்க்கும் பொருந்தவில்லை. தீக்காயம் பட்டவர்களை ஏற்றிய ஒரு பஸ், வழி தெரியாத டிரைவரோடு லுட்விக்ஸ்ஹாஃபன் ஆஸ்பத்திரியை அடையப் பல மணி நேரம் ஆனது. வானத்தை அளந்தவர்கள் தரையை அளக்கவில்லை.

2002-ல் உக்ரைனின் லிவிவ் நகருக்கு அருகே சுகோய் 27 ஒன்று கூட்டத்துக்குள்ளேயே விழுந்து 77 பேர் இறந்தார்கள். 2015-ல் இங்கிலாந்தின் ஷோரமில் பழைய ஹண்டர் ஒன்று வட்டமடித்துக் கீழே வரும்போது உயரம் போதாமல் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த 11 பேரும் மைதானத்துக்கு வெளியே இருந்தவர்கள்: சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள், ஓரத்தில் நின்று பார்த்தவர்கள். கயிறு கட்டியது டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நான் இருக்கும் பல்லாவரத்தில்தான் 1910-ல் டி ஏஞ்சலிஸ் என்ற ஹோட்டல்காரர், சிம்ப்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தைப் பறக்கவிட்டார். அன்றிலிருந்து இந்த ஊருக்கு விமானம் பார்க்கும் ஆசை உண்டு. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. பேத்தியைக் கூட்டிக்கொண்டு காலை எட்டரைக்கே போய், கண்ணகி சிலைக்கு நேரே மணலில் இடம் பிடித்தேன்.

"கயிறு எங்க தாத்தா?" என்றாள் அவள். என் கதையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடலைக் காட்டினேன். விமானங்கள் தண்ணீரின் மேல், கரைக்கு இணையாகப் பறந்தன. உடைந்தாலும் கடலில் விழும். பார்ப்பவர் மணலில் இருப்பார். டகோட்டா, ரஃபேல், தேஜஸ், சாரங் ஹெலிகாப்டர்கள், சூர்யகிரண் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் ஒதுக்கத்தையும் கண்ணால் அளந்துகொண்டே இருந்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. வானத்திலிருந்து அன்று யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

பதினொன்றுக்குத் தொடங்கியது ஒரு மணிக்கு முடிந்தது. சுமார் 15 லட்சம் பேர் என்று சொன்னார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினோம். உச்சி வெயில். மணல் செருப்பையும் மீறிச் சுட்டது. எங்கள் பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர். கடைக்காரர் வெறும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். தடுப்புக் கம்பியின் நிழலில், ஒரு கை அகலம்கூட இல்லாத அந்தக் கோட்டில், ஓர் அம்மா தலையை மட்டும் வைத்துப் படுத்திருந்தார். மகள் நனைத்த துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு மடக்கை அவருக்குக் கொடுத்தோம். சேப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் திரும்பவே முடியவில்லை. பைகிராஃப்ட்ஸ் சாலை வழியாக நடந்தபோது ஒரு வீட்டுக்காரர் வாசலில் குடத்தை வைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று என் பேத்தியைக் காப்பாற்றியது அந்தக் குடம்தான்.

மாலையில் செய்தி வந்தது. பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஏராளம். ஃபார்ன்பரோவில் இறந்தவர்களுக்காக 230 மீட்டர் என்று ஒரு எண் எழுதப்பட்டது. மெரினாவில் இறந்த ஐந்து பேருக்கும் அப்படி எண்கள் வேண்டும் என்பது என் கோரிக்கை: நிற்கும் இடத்திலிருந்து குடிநீருக்கு எத்தனை மீட்டர், நிழலுக்கு எத்தனை, ஆம்புலன்ஸ் போகக் காலியாக விடும் பாதை எவ்வளவு அகலம். இவற்றையும் பறக்கும் உயரத்தைப் போலவே முன்கூட்டி எழுதி, அதைக் காக்க ஆள் போட வேண்டும். நிகழ்ச்சியைக் காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியுங்கள். அன்றைக்குக் கயிறு பிடிக்க ஆள் தேவைப்பட்டால், இந்த வயதிலும் நான் வருகிறேன்.