பிளாஸ்திரியும் தோலும்

ரப்பர் வருவதற்கு முன் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்ற பிளாஸ்திரி, ஈய ஆக்சைடை ஆலிவ் எண்ணெயோடு காய்ச்சித் துணியில் தடவியது. 1845இல் அமெரிக்காவில் ஹொரேஸ் டே, வில்லியம் ஷெகட் இருவரும் ரப்பர் பசைக்குக் காப்புரிமை பெற்றனர். ரப்பரும் மரப்பிசினும் சேர்ந்த பசை நன்றாகவே பிடித்தது. ஆனால் பிசினிலிருந்த அமிலம் தோலைச் சிவக்கவைத்து அரிப்பெடுக்கச் செய்தது. ஹாம்பர்க்கின் பையர்ஸ்டோர்ஃப் நிறுவனம் 1901இல் கொண்டுவந்த லுக்கோபிளாஸ்டில் துத்தநாக ஆக்சைடு சேர்ந்ததும் அந்த எரிச்சல் பெரிதும் தணிந்தது.

உரிப்பதுதான் தீராத வேதனை. அந்நாளில் ஈதரோ பென்சினோ தொட்டுப் பசையை இளக்கினார்கள். இல்லையென்றால் ஒரே இழுப்பு, முடியும் மேல்தோலும் சேர்ந்தே வரும். 1960இல் வந்த மைக்ரோபோர் பிளாஸ்திரி காகிதம்போல் மெல்லியது, வியர்வையை வெளியே விடுவது. ஆனாலும் அதன் அக்ரிலேட் பசை நேரமாக ஆக இறுகும். பின்னர் வந்த சிலிக்கோன் பசை அப்படி இறுகுவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதுவே ஏற்றது.

உரிக்கும் முறையும் மாறியது. ஓரத்தை மடக்கி, தோலோடு படிந்தவாறு முடி வளரும் திசையில் மெல்ல இழுக்க வேண்டும். மறுகை விரல் விடுபடும் தோலை அழுத்திப் பிடித்திருக்கும்.