பொட்டி இருக்கு, படத்தைக் காணோம்!

2008 வாக்கில் எழுதப்பட்ட பழைய பதிவு ஏதாவது ஒண்ணை உங்க ஃபோன்ல திறந்து பாருங்க. எழுத்தெல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கும். "இந்தப் பாட்டைப் பார்த்துட்டு மேலே படிங்க" என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டி. சில சமயம் அந்தப் பொட்டியும் இருக்காது, வெறும் வெள்ளை இடம்தான். பாட்டைக் காணோம். எழுதினவர் அதை எடுக்கலை, யாரும் திருடவும் இல்லை. அப்புறம் எங்கே போச்சு?

இதுக்கு விடை ஒரு பத்து வருஷச் சண்டைக்குள்ளே இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க :-)

யூட்யூப் 2005 பிப்ரவரியில் ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியும் இணையத்துல வீடியோ இருந்தது. ஆனா ஒரு தளத்துக்கு ரியல் ப்ளேயர் வேணும், இன்னொண்ணுக்கு விண்டோஸ் மீடியா ப்ளேயர் வேணும், வேறொண்ணு குவிக்டைம் கேட்கும். இதுக்கு நடுவுல ஒரு மென்பொருள் மட்டும் ஏற்கெனவே எல்லார் கணினியிலும் சத்தம் போடாம உட்கார்ந்திருந்தது. அதுதான் ஃப்ளாஷ் ப்ளேயர். விளையாட்டுக்கும், ஆடுற விளம்பரத்துக்கும்னு ஜனங்க எப்பவோ போட்டு வெச்சது. 2002ல வந்த ஃப்ளாஷ் 6லேயே வீடியோ காட்டுற வசதி வந்தாச்சு. யூட்யூப்காரங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பார்க்கிறவன் புதுசா எதையும் நிறுவ வேண்டாம், பதியிறவன் நாலு வரி நிரலை வெட்டி ஒட்டினா போதும். நம்மாளுங்க பதிவெல்லாம் பாட்டும் காமெடியுமா நிறைஞ்சது அப்படித்தான்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த நாலு வரி நிரலைப் பார்த்து உலாவி என்ன செய்யும்? "இத்தனை அகலம், இத்தனை உயரம் இடம் விட்டுட்டேன், மிச்சத்தை நீ பார்த்துக்கோ" என்று ஃப்ளாஷ் கையில் கொடுத்துட்டு ஒதுங்கிடும். உள்ளே ஓடுறது பாட்டா, விளம்பரமா, விளையாட்டா, எதுவும் உலாவிக்குத் தெரியாது. வீட்டுக்காரர் ஒரு அறையை வாடகைக்கு விட்ட மாதிரி. அந்த அறையோட சாவி முதல்ல மேக்ரோமீடியாகிட்ட இருந்தது. 2005 டிசம்பர்ல அந்த நிறுவனத்தை அடோபி வாங்கினதும் சாவியும் கைமாறிடுச்சு.

கணினியில் பார்த்த வரைக்கும் இதெல்லாம் யாருக்கும் பிரச்சனையா தெரியலை. ஃபோன் வந்ததும்தான் குட்டு வெளிப்பட்டது.

2007 ஜூன்ல யூட்யூப் கைப்பேசிக்குன்னு தனித் தளம் திறந்தது. நோக்கியா மாதிரி ஃபோன்ல அதுக்குள்ள போய் ஒரு வீடியோவைத் தொட்டா, உலாவியை விட்டு வெளியே போய் ரியல் ப்ளேயர் திறக்கும், தபால்தலை சைஸ்ல படம் ஓடும். பக்கத்துக்குள்ளேயே ஓடுறதுங்கிற பேச்சே கிடையாது. அதே மாசம் 29ஆம் தேதி ஐஃபோன் விற்பனைக்கு வந்தது. முழு இணையமும் உங்க கையில் என்று சொன்ன ஃபோன், ஆனா ஃப்ளாஷ் கிடையாது.

ஆப்பிள் இதுக்கு ஒரு சுற்றுவழி வெச்சிருந்தது. யூட்யூப் தன்னோட வீடியோக்களைக் கொஞ்சம் கொஞ்சமா ஹெச்.264 என்கிற வடிவத்துக்கு மாத்த ஆரம்பிச்சது. பதிவுல ஒட்டியிருக்கிற யூட்யூப் பொட்டியை சஃபாரி மட்டும் அடையாளம் கண்டுபிடிச்சு, ஒரு முகப்புப் படத்தைக் காட்டும். தொட்டா பதிவை விட்டுட்டு யூட்யூப் செயலிக்குள்ள போயிடும். மத்த ஃப்ளாஷ் பொட்டிக்கெல்லாம் ஒரு நீல நிற லெகோ கட்டை மாதிரி சின்னம்தான். அதைத் தொட்டும் பிரயோஜனம் இல்லை.

ஏன் ஹெச்.264? இங்கே கொஞ்சம் பொட்டி தட்டுறவங்க பாஷை வருது. வீடியோ என்பது சுருக்கி மடிச்சு வெச்ச துணி. காட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படமா விரிக்கணும், விநாடிக்கு இருபத்தஞ்சு முப்பது தடவை. இந்த வேலையைப் பொதுவான செயலியே செஞ்சா பேட்டரி சட்டுனு தீர்ந்திடும். அதனால ஃபோன் சில்லுக்குள்ள இதுக்குன்னே ஒரு தனிச் சுற்று வெச்சாங்க. அந்தச் சுற்றுக்குத் தெரிஞ்ச மடிப்பு ஹெச்.264. அப்ப ஃப்ளாஷ்ல ஓடின பழைய வீடியோக்களோ வேற மடிப்பு. ஹெச்.264ஐக் காட்டுற வசதி ஃப்ளாஷுக்கே 2007 டிசம்பர்லதான் வந்தது.

2010தான் உச்சக்கட்டம். ஜனவரி 27 அன்னிக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபேடைக் காட்டுறார். நியூயார்க் டைம்ஸ் தளத்தைத் திறக்கிறார், பக்கத்துக்கு நடுவுல ஒரு ஓட்டை! உலகமே பார்த்தது. ஏப்ரல் 29ஆம் தேதி 'ஃப்ளாஷ் பற்றிய சிந்தனைகள்' என்று ஒரு பகிரங்கக் கடிதம் போட்டார். ஃப்ளாஷ் ஒரே நிறுவனத்தோட சொத்து, பாதுகாப்பு ஓட்டை அதிகம், விரலுக்கு இல்லாம எலிக்குன்னு செஞ்சது, இப்படி ஆறு காரணம். பேட்டரி கணக்கும் கொடுத்தார். சுற்று வழியா ஓட்டினா 10 மணி நேரம் வரை பார்க்கலாம், மென்பொருள் வழியா ஓட்டினா 5 மணி நேரம்கூட தாங்காதுன்னு. அடோபியைத் தொடங்கின ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் மே மாசம் பதில் கடிதம் எழுதினாங்க. எந்த ஒரு கம்பெனியும் இணையத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது அவங்க வாதம்.

கவனிச்சீங்களா? ஃப்ளாஷை வெச்சிருந்தவங்க "ஒரு கம்பெனி கையில் இணையம் போகக் கூடாது"ங்கிறாங்க. ஆப் ஸ்டோர் வெச்சிருந்தவர் "ஃப்ளாஷ் ஒரு கம்பெனியோட சொத்து"ங்கிறார். ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான் :-)

அதே ஜூன்ல ஆண்ட்ராய்டு 2.2க்கு ஃப்ளாஷ் 10.1 வந்தது. ஐஃபோன்ல இல்லாததைக் காட்டித்தான் ஆண்ட்ராய்டு ஃபோன்களை வித்தாங்க. ஆனா பொட்டிக்குள்ள இருந்த பட்டன்களெல்லாம் எலியோட நுனிக்குன்னு செஞ்சது, விரலுக்கு அகப்படாது. எலியை மேலே கொண்டுபோனா விரியிற மெனுவுக்கு ஃபோன்ல என்ன செய்ய? நவம்பர்ல இன்னொரு கூத்து. ஸ்கைஃபயர் என்கிற உலாவி, ஃப்ளாஷ் வீடியோவைத் தன்னோட சர்வர்ல மாத்தி ஐஃபோனுக்கு அனுப்பித் தர்றேன்னு வந்தது. கூட்டம் தாங்காம சில மணி நேரத்திலேயே 'விற்றுத் தீர்ந்தது'ன்னு அறிவிச்சுட்டாங்க. மென்பொருள் விற்றுத் தீர்ந்த கதை எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். அந்த ஓட்டை ஜனங்களை எவ்வளவு உறுத்தியிருக்குன்னு அதுலேர்ந்தே தெரிஞ்சுக்கலாம்.

2011 நவம்பர் 9 அன்னிக்கு, ஃபோன் உலாவிக்கு ஃப்ளாஷ் உருவாக்குறதை நிறுத்தறோம்னு அடோபியே சொல்லிடுச்சு. ஜாப்ஸ் காலமாகி ஒரு மாசம் கழிச்சு. 2012 ஆகஸ்ட் 15லேர்ந்து ஆண்ட்ராய்டு கடையிலும் புதுசா நிறுவ முடியாது.

சரி, ஃப்ளாஷுக்குப் பதிலா என்ன? படத்தைக் காட்ட இமேஜ் டேக் இருக்கிற மாதிரி வீடியோவுக்கும் ஒரு டேக் இருந்தா ப்ளக்இன்னே வேண்டாமேன்னு ஓபெரா 2007லேயே யோசனை சொன்னது. அருமையான யோசனை. ஆனா டேக்குக்குள்ள எந்த மடிப்புன்னு வந்ததும் அடிதடி. ஹெச்.264க்குக் காப்புரிமை உண்டு, பயன்படுத்த உரிமத் தொகை உண்டு. எவனும் இலவசமா உலாவி எழுத முடியாத நிலைமைக்கு இணையம் போயிடும்னு மோசில்லா மறுத்தது. 2009 ஜூன்ல வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.5ல தியோரா என்கிற கட்டற்ற வடிவத்தைத்தான் போட்டாங்க. ஆப்பிள் தியோராவைத் தொடவே மாட்டேன்னது. கடைசியில ஹெச்டிஎம்எல்5 வரைவை எழுதிக்கிட்டிருந்த இயன் ஹிக்ஸன், எந்த மடிப்பையும் கட்டாயமாக்கப் போறதில்லைன்னு கையை விரிச்சார். 2010 மே மாசம் கூகுள் விபி8ஐ இலவசமா விட்டது. 2011 ஜனவரியில் க்ரோம்லேர்ந்து ஹெச்.264ஐ எடுக்கப் போறோம்னும் சொன்னது. எடுக்கவே இல்லை.

தீர்ப்பைச் சொன்னது வழக்கம்போல ஃபோன். கோடிக்கணக்கான ஃபோன் சில்லுல ஹெச்.264 சுற்று ஏறிடுச்சு, தளங்களும் ஃபோனுக்கு அதை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. ஃபோன்ல ஃபயர்ஃபாக்ஸ் போட்டவனுக்கு வீடியோ ஓடலைன்னா, அவன் கொள்கையைப் பாராட்டிட்டு வேற உலாவிக்குப் போயிடுவான். 2012 மார்ச்ல மோசில்லா இறங்கி வந்தது. அப்ப அவங்க ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்னு ஒரு ஃபோன் அமைப்பையும் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்த அமைப்பு பின்னாடி நின்னுபோச்சு. ஆனா அதோட வாரிசான கைஓஎஸ்தான் 2017ல நம்ம ஊருக்கு ஜியோஃபோனா வந்தது.

இப்ப முதல் கேள்விக்கு வர்றேன். 2010 ஜூலையில் யூட்யூப் ஒட்டு நிரலை மாத்தினது. பழையது 'இங்கே ஃப்ளாஷை ஓட்டு'ன்னு கட்டளை போடும். புதுசு ஐஃப்ரேம். 'இங்கே ஒரு ஜன்னல் திற, உள்ளே எதைக் காட்டணும்னு யூட்யூப் பார்த்துக்கும்' என்று மட்டும் சொல்லும். ஃபோனுக்கு ஏத்த ப்ளேயரை யூட்யூபே அனுப்பும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒட்டினதெல்லாம் பிழைச்சது. அந்தப் பக்கம் ஒட்டினதுல யூட்யூப் முகவரிகளைச் சில உலாவிகள் பாவம் பார்த்துத் தானே மாத்திக்கிட்டதும் உண்டு. மத்த தளங்களோடது அம்போ. கூகுள் வீடியோன்னு ஒண்ணு இருந்தது, ஞாபகம் இருக்கா? 2012ல கடையையே மூடிட்டாங்க.

ஜன்னல் வந்த பிறகும் ஐஃபோன்ல ஒரு விதி இருந்தது. பக்கத்துக்குள்ள வீடியோ ஓடாது, தொட்டா முழுத்திரைக்குப் போகும். தானா ஓடுறதும் தடை. காசு போட்டு வாங்கின டேட்டாவை எவனோ ஒருத்தன் விளம்பரம் தின்னுடக் கூடாதுங்கிறது நியாயம்தான். ஆனா தளக்காரங்க சும்மா இருப்பாங்களா? வீடியோவை ஜிஃப் ஆக்கிப் போட்டாங்க, அது வீடியோவை விடப் பல மடங்கு டேட்டா தின்னும்! ஒருத்தர் ஜாவாஸ்க்ரிப்ட்லேயே எம்பெக் விரிப்பானை எழுதி, படம் படமா வரைஞ்சு காட்டினார். தடை போட்ட நோக்கமே தலைகீழாச்சு.

2016 செப்டம்பர்ல பூட்டு திறந்தது. ஐஓஎஸ் 10ல பக்கத்துக்குள்ளேயே ஓடலாம், சத்தம் இல்லாட்டி தானாவும் ஓடலாம். ஆண்ட்ராய்டு க்ரோம் 53லயும் அதே சலுகை. அதே செப்டம்பர் 5ஆம் தேதிதான் இங்கே ஜியோ இலவச டேட்டாவோட இறங்கினது. இது தற்செயல்தான். ஆனா நம்ம ஊர்ல அதுக்கப்புறம் ஃபோனைத் திறந்தா, சத்தமில்லாம வாயசைக்கிற ஆளும் கீழே பெரிய எழுத்துல வசனமும்தான்.

2020 டிசம்பர் 31 அன்னிக்கு கணினியிலும் ஃப்ளாஷ் செத்தது. 2021 ஜனவரி 12லேர்ந்து அந்த ப்ளேயர் தானே ஓட மறுத்தது. ரஃபிள் மாதிரி முன்மாதிரி மென்பொருளை வெச்சு இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய விளையாட்டுகளைக் காப்பாத்திச்சு. வீடியோவுக்கு அது சரிப்படாது. பொட்டியைத் திறக்கலாம், ஆனா உள்ளே இருந்த படம் வேற ஒருத்தன் சர்வர்ல இருந்ததாச்சே.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். பேட்டரி பத்தி ஜாப்ஸ் சொன்னது சரி. காப்புரிமை பத்தி மோசில்லா சொன்னதும் சரி. ஒவ்வொரு ரவுண்டிலும் சாவி மட்டும் கைமாறிக்கிட்டே இருந்தது. அடோபி, ஆப்பிள், சில்லு செய்யிறவன், இப்ப ஜன்னலுக்குப் பின்னாடி இருக்கிற யூட்யூப். ஒட்டின பதிவர் கைக்கு அது ஒருநாளும் வரலை. நாம ஒட்டுற வீடியோ நம்ம பக்கத்துல தெரியுதே தவிர, அது இரவல். இத்தனை சண்டையிலயும் சேதாரம் இல்லாம வந்தது நாம எழுதின எழுத்து மட்டும்தான்.

அதனால வீடியோ போடும்போது "இதைப் பாருங்க, சிரிச்சு மாளாது"ன்னு மட்டும் எழுதாதீங்க. என்ன படம், யார் பாட்டு, எந்த வருஷம், அதுல உங்களுக்கு எது பிடிச்சதுன்னு ரெண்டு வரி சேர்த்து எழுதுங்க. பொட்டி போனாலும் அந்த ரெண்டு வரியை வெச்சு எவனாவது தேடிக் கண்டுபிடிச்சுக்குவான்.

பி.கு: பழைய யூட்யூப் பொட்டியைச் சரி பண்ண வழி இருக்கு. பதிவைத் திருத்தப் போய் ஹெச்டிஎம்எல் பார்வையில் நிரலைப் பாருங்க. முகவரியில் 'வி' என்ற எழுத்துக்கும் சாய்கோட்டுக்கும் அப்புறம் 11 எழுத்து இருக்கும், அதுதான் அந்த வீடியோவோட அடையாளம். அதைக் குறிச்சுக்கிட்டு யூட்யூப்ல தேடுங்க. வீடியோ இன்னும் இருந்தா புது ஒட்டு நிரலை எடுத்துப் போடுங்க, ஃபோன்லயும் ஓடும். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போதும்.