கோரிடோராஸ் கெளுத்தி

கோரிடோராஸ் என்பது தென் அமெரிக்க நன்னீர்நிலைகளில் வாழும் சிறு கெளுத்தி மீன்களின் கூட்டுப்பெயர். மீன் வளர்ப்போர் பேச்சில் இது 'கோரி'. ஆண்டீஸ் மலைக்குக் கிழக்கே, டிரினிடாட் தீவு முதல் வட அர்ஜென்டினா வரை, ஓடைகளிலும் ஆற்றோரத் தேக்கங்களிலும் இவை கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. பெரும்பாலானவை 3 முதல் 8 செ.மீ. வரைதான் வளரும். மற்ற மீன்களைக் கடிக்காது, துரத்தாது, இடத்துக்காகச் சண்டையிடாது. பலவகை மீன்கள் சேர்ந்து வாழும் கலப்புத் தொட்டியின் அடித்தரைக்கு இதைவிடச் சாதுவான மீன் கிடைப்பது அரிது. ஆனால் கடைகளில் இதைத் 'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்று சொல்லி விற்கிறார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி, தீனி போடாமல், தனியாக ஒன்றை வாங்கிவிட்டுச் சாகக் கொடுத்தவர்கள் ஏராளம்.

பெயரும் இனங்களும்

பிரெஞ்சு விலங்கியலாளர் லாசெபீட் 1803இல் இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். தலைக்கவசம், தோல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது அது. உடலின் இருபக்கமும் செதிலுக்குப் பதிலாக இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். 2024இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வு பழைய பேரினத்தைப் பிரித்து, பல இனங்களை ஹோப்லிசோமா, ஆஸ்டியோகாஸ்டர், காஸ்ட்ரோடெர்மஸ், புரோக்கிஸ் முதலிய பேரினங்களுக்கு மாற்றிவிட்டது. வளர்ப்போர் வழக்கில் இன்னும் எல்லாமே கோரிதான்.

தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது வெண்கலக் கோரி. கண் சிவந்த, உடல் வெளுத்த அல்பினோ கோரி இதன் வளர்ப்பு வடிவமே. புள்ளிக் கோரி என்னும் பலியாட்டஸ் இனத்தை பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்தார். அதை 1842இல் விவரித்தவர் ஜெனின்ஸ். கண்ணைச் சுற்றிக் கருந்திட்டு கொண்ட பாண்டா கோரி பெரு நாட்டுக்குரியது. குவாப்போரே ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ஸ்டெர்பாய்க்குக் கரிய உடலில் வெண்புள்ளிகளும் ஆரஞ்சு நிற மார்புத் துடுப்பு முட்களும் உண்டு. பிக்மி கோரி 3 செ.மீ.க்குள் அடங்கிவிடும், அது தரையைவிட்டு நடுநீரிலும் கூட்டமாக நீந்தும். 'ஜூலி' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் டிரைலினியாட்டஸ். தலையில் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் ஜூலி, வலைபோல் பின்னிய கோடுகளாக இருந்தால் டிரைலினியாட்டஸ்.

உடலும் நடத்தையும்

வாயைச் சுற்றியுள்ள மீசைகள்தாம் கோரியின் உயிர்நாடி. அவற்றால் தொட்டும் சுவைத்தும் இரையைக் கண்டுபிடிக்கிறது. மென்மணல் தரையுள்ள தொட்டியின் அருகே உட்கார்ந்து பார்த்தால் இதன் அழகு தெரியும். மூக்கைக் கண்மட்டம் வரை மணலுக்குள் செருகும். வாய் நிறைய மணலை அள்ளும். மண்ணுள் கிடக்கும் புழுவைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்ச மணலை இரு செவுள் வழியாகவும் புகைபோல வெளியே விடும். நடுவே ஒரு கண்ணைச் சட்டென்று கீழே உருட்டும்போது, கண் சிமிட்டுவது போலவே இருக்கும். கூர்மையான சரளைக்கல் போட்ட தொட்டியில் இந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. அந்த மீனுக்குப் பிறப்பிலேயே அமைந்த வேலையை நாம் பறித்துவிடுகிறோம்.

இன்னொரு பழக்கம் புதியவர்களைப் பதறவைக்கும். கோரி திடீரென்று அம்புபோல் நீர்மட்டத்துக்குப் பாய்ந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்கொண்டு தரைக்குத் திரும்பும். இரத்தநாளங்கள் மிகுந்த பின்குடல், விழுங்கிய காற்றிலிருந்து உயிர்வளியை உறிஞ்சிக்கொள்கிறது. எப்போதாவது இப்படிப் பாய்வது இயல்பு. அடிக்கடி பாய்ந்தால் நீரில் உயிர்வளி குறைந்துவிட்டது அல்லது நீர் கெட்டுவிட்டது என்று பொருள். காற்றை எடுக்க இடம் வேண்டுமாதலால் தொட்டியை மூடிவரை நிரப்பக் கூடாது.

முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் வலிய முள் உண்டு. நாட்டுக் கெளுத்தியைப் போலவே அஞ்சும்போது முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் பிடித்தால் முள் சிக்கி மீன் காயப்படும். கிண்ணத்தால் மொண்டு எடுப்பதே நல்லது. பிளாஸ்டிக் பையைக்கூட முள் துளைத்துவிடும் என்பதால் இரட்டைப் பையில் கட்டித் தரச் சொல்ல வேண்டும். மிரண்ட மீன் கசியவிடும் நஞ்சு சிறு பைக்குள் தேங்கினால் அதற்கே ஆபத்து. ஆகவே கொண்டுவந்த பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

தொட்டி அமைப்பு

கோரிக்கு உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். நம் கடைக்காரர்கள் 'ரெண்டடித் தொட்டி' என்று சொல்லும் 60 செ.மீ. நீளத் தொட்டி ஆறு வெண்கலக் கோரிகளுக்குக் குறைந்தபட்ச இடம். ஆறு என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதுவும் ஒரே இனமாக இருக்க வேண்டும். தனித்துவிடப்பட்ட கோரி மூலையில் ஒடுங்கி, வெளியே வராமல், தின்னாமல் மெலியும். அதே மீன் கூட்டத்தோடு இருந்தால் பகலிலேயே தொட்டி முழுக்க மேயும்.

தரைக்கு, விளிம்பு மழுங்கிய மென்மணல் 3 முதல் 5 செ.மீ. போதும். ஆற்று மணலானால் சல்லடையில் சலித்து, கலங்கல் நிற்கும்வரை அலச வேண்டும். மீசை தேய்ந்துபோவதற்குக் கூர்ங்கல் ஒரு காரணம்; தரையில் அழுகும் மிச்சத் தீனியும் அதில் பெருகும் பாக்டீரியாவும் அதைவிடப் பெரிய காரணம். எனவே மணல் போட்டாயிற்று என்று இருந்துவிடாமல், வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றும்போது தரைக் கழிவையும் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒதுங்க மரக்கட்டையும் அகன்ற இலைச் செடியும் இருந்தால் மகிழும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டு போட்டால் அதன் அடியிலேயே கிளறிக்கொண்டிருக்கும்.

புதுத் தொட்டியில் முதல் நாளே கோரியை விடுவது கொலைக்குச் சமம். வடிகட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா வளர்ந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டும். குழாய்நீரின் குளோரினை நீக்கியே ஊற்ற வேண்டும். எந்த நோய்க்கும் கல்லுப்பை அள்ளிப் போடும் வழக்கம் இம்மீனுக்கு ஒத்துவராது. தாமிரம் கலந்த மருந்திலும் கவனம் தேவை.

வெப்பம் பற்றித் தமிழ்நாட்டில் வளர்ப்பவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். வெண்கலக் கோரிக்கு 22 முதல் 26 பாகை செல்சியஸ் ஏற்றது. புள்ளிக் கோரியும் பாண்டாவும் அதைவிடக் குளிர்ச்சியை விரும்புபவை. சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே இங்கு ஸ்டெர்பாயே நல்ல தேர்வு. அது 28 பாகையிலும் நலமாக இருக்கும். நீர்மட்டத்தின் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும்.

உணவும் தோழமையும்

கோரி பாசி தின்னாது. பிற மீன்களின் கழிவையும் தின்னாது. அடியில் மூழ்கும் குருணைத் தீனி, உறைந்த இரத்தப்புழு, ஆர்ட்டீமியா ஆகியவற்றைத் தனியாகக் கொடுக்க வேண்டும். மேலே திரியும் மீன்கள் முந்திக்கொள்ளுமானால், விளக்கை அணைத்தபின் இடுவது கைகண்ட வழி.

நியான் டெட்ரா, ராஸ்போரா, கப்பி, தேன் கௌராமி ஆகியவற்றோடு நன்கு ஒத்துப்போகும். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் போன்றவற்றோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கோரியை விழுங்கும் பெரிய மீனின் தொண்டையில் முள் பூட்டிக்கொண்டு, சில வேளை இரண்டுமே சாகும். கெளுத்தி என்ற பெயரை மட்டும் நம்பிச் செவ்வால் கெளுத்திக் குஞ்சைக் கலப்புத் தொட்டியில் விடுவோரும் உண்டு. அது ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து, உடனிருக்கும் மீன்களையெல்லாம் விழுங்கிவிடும்.

இனப்பெருக்கம்

இயற்கையில் மழை வந்து ஆறு குளிரும்போது கோரி முட்டையிடும். தொட்டியிலும் சற்றுக் குளிர்ந்த நீரை மாற்றியவுடன் இனச்சேர்க்கை தொடங்குவதுண்டு. பெண்மீன் ஆணின் வயிற்றோடு வாயை ஒட்டிக்கொண்டு 'T' வடிவில் நிற்கும். வெண்கலக் கோரியில் பெண் விந்தை விழுங்குகிறது என்றும், அது குடல் வழியே விரைவாக வெளிவந்து முட்டைகளைக் கருவுறச் செய்கிறது என்றும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டனர். பின்னர் பெண், வயிற்றுத் துடுப்புகளைக் கைபோல் குவித்து முட்டைகளை ஏந்திச் சென்று, கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டும். பெற்றோரே முட்டையைத் தின்னும் என்பதால் பிரித்து வைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் குஞ்சு பொரியும்.

வாங்கும்போது

கடையில் நிறத்தைப் பார்க்குமுன் மீசையைப் பாருங்கள். அது முழுதாக இருக்கிறதா, வயிறு ஒட்டாமல் உருண்டிருக்கிறதா, துடுப்புகள் விரிந்திருக்கின்றனவா என்று கவனித்து வாங்குங்கள். ஆறு மீனுக்கான இடமும் மணலும் பழகிய வடிகட்டியும் ஆயத்தமான பிறகே வாங்குங்கள். நன்றாகப் பேணினால் வெண்கலக் கோரி 10 ஆண்டுவரை உங்களோடு இருக்கும்.